கூடு கலைந்த அணில் குட்டிகள்: காப்பதும் விடுவிப்பதும்

நம் சங்கத்து அன்பர்களிடமிருந்து எனக்கு ஆண்டுதோறும் மார்ச் மாதம் தொடங்கித் தொலைபேசி அழைப்புகள் வரும். விஷயம் பெரும்பாலும் ஒன்றுதான். "சார், கூலரைக் கழுவலாம் என்று திறந்தோம். உள்ளே புல்லுக்கு நடுவில் மூன்று அணில் குட்டிகள். கண் கூடத் திறக்கவில்லை. என்ன செய்வது?" ஜூலை மாதத்தில் மழையும் காற்றும் வந்தால் கேள்வி சற்று மாறும். "வேப்பங்கிளை முறிந்து விழுந்துவிட்டது. தாயைக் காணோம்." கேட்பவர்கள் எல்லோரும் நல்ல மனது உடையவர்கள். ஆனால் முதல் இரண்டு மணி நேரத்தில் என்ன செய்யக்கூடாது என்பது தெரியாததால் பல குட்டிகள் இறந்துவிடுகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று ஆசிரியர் குழு சொன்னதால் இந்தக் கட்டுரை.

நான் மிருக வைத்தியன் அல்லன். ரயில்வேயில் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு இதுவரை பதினொரு குட்டிகள் என் கைக்கு வந்திருக்கின்றன. மிருக வைத்தியர்களிடம் கேட்டும், படித்தும், எடை போட்டு நோட்டில் குறித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

நம் ஊர் அணிலும் இந்த ஊர் அணிலும்

முதலில் பிள்ளைகளுக்காக ஒரு செய்தி. தில்லியில் நாம் பார்க்கும் அணிலும் தஞ்சாவூரில் தாத்தா வீட்டுத் தென்னையில் ஓடும் அணிலும் ஒன்றல்ல. தெற்கே உள்ளது மூன்று வரி அணில். முதுகில் மூன்று வெளிர் கோடுகள். வடக்கே உள்ளது ஐந்து வரி அணில். முதுகில் உள்ள மூன்றோடு, விலாப்பக்கம் இரு புறமும் மங்கலாக ஒவ்வொரு கோடு கூடுதலாக இருக்கும். இரண்டும் நெருங்கிய உறவுதான். இனம் மட்டும் வேறு.

சேது கட்ட உதவிய அணிலை இராமபிரான் மூன்று விரல்களால் தடவிக் கொடுத்தார், அந்த அடையாளமே கோடுகள் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இங்கே பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் ஜன்னலில் ஐந்து கோடுகளை எண்ணிவிட்டு, "பாட்டி, கதை தப்பு" என்று சொன்னால் கோபிக்க வேண்டாம். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார்கள். அணில்கள் தண்ணீரில் நனைந்து மணலில் புரண்டு கடலைத் தூர்க்கப் போனதைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் பாடியிருக்கிறார். அதற்கும் வெகு காலத்திற்கு முன்பே தொல்காப்பிய மரபியல் இதற்கு "மூவரி அணில்" என்று பெயர் தந்துவிட்டது. தமிழ் நாட்டு அணிலுக்கு அது மிகத் துல்லியமான பெயர். அதன் இளமைப் பெயராகக் குட்டி என்பதையும் பறழ் என்பதையும் அதே இயல் குறிப்பிடுகிறது. ஆள் இல்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதைப் பாடியதாலேயே அணிலாடு முன்றிலார் என்று பெயர் பெற்ற புலவரும் குறுந்தொகையில் உண்டு.

இந்த வேறுபாட்டை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டுரையின் இறுதியில், குட்டியை எங்கே விடுவது என்னும் இடத்தில் இது மீண்டும் வரும்.

முதல் வேலை: தாயிடம் சேர்ப்பது

குட்டியைக் கண்டவுடன் பால் தேடி ஓட வேண்டாம். உலகத்திலேயே சிறந்த பால் தாயிடம் இருக்கிறது. அது பெரும்பாலும் பக்கத்திலேயே இருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். மனிதர் தொட்டால் தாய் ஏற்காது என்று பலர் சொல்வது சரியன்று. தாய் அணில் தன் குட்டியை வாயில் கவ்வி வேறு கூட்டுக்கு மாற்றும். அதற்கு நாம் நேரமும் இடமும் கொடுக்க வேண்டும்.

கூலரிலோ ஏ.சி. பெட்டியின் பின்புறத்திலோ கூடு இருந்தால், வேலையை நிறுத்திவிட்டு அப்படியே மூடிவிடுவதே உத்தமம். மூன்று, நான்கு வாரங்கள் பொறுத்தால் குட்டிகள் தாமே வெளியேறும். பொறுக்க முடியாத நிலையில், கூட்டின் பஞ்சையும் நாரையும் சேர்த்து ஒரு சிறிய அட்டைப் பெட்டியில் எடுத்து, இருந்த இடத்துக்கு மிக அருகில் வைக்கவும். மரத்திலிருந்து விழுந்தவை என்றால் அதே மரத்தில், பூனைக்கு எட்டாத உயரத்தில் பெட்டியைக் கட்டவும்.

இதைப் பகலில்தான் செய்ய வேண்டும். இரவில் அணில் வெளியே வராது. குட்டி குளிர்ந்திருந்தால் முதலில் கையில் வைத்துச் சூடாக்கிய பிறகே பெட்டியில் வைக்கவும். பெட்டியின் அடியில் வெந்நீர் நிரப்பிய சிறிய பாட்டிலைத் துணி சுற்றி வைக்கலாம். பிறகு எல்லோரும் அந்த இடத்தை விட்டு விலகி, தூரத்திலிருந்து காக்கையும் பூனையும் வராமல் பார்க்க வேண்டும். மூன்று, நான்கு மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம். மணிக்கு ஒரு முறை குட்டியின் சூட்டை மட்டும் தொட்டுப் பாருங்கள். என்னை அழைத்தவர்களில் இதைப் பொறுமையாகச் செய்தவர்கள் பாதிப்பேருக்கு மேல், தாய் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் போனதைத் தம் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள்.

தாய் இறந்துகிடந்தால், இருட்டும் வரை வராவிட்டால், அல்லது குட்டிக்குக் காயம் இருந்தால் மட்டுமே நாம் பொறுப்பேற்க வேண்டும். பூனை வாயிலிருந்து மீட்ட குட்டியை, காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அன்றே மிருக வைத்தியரிடம் காட்டவும். பூனையின் எச்சிலில் உள்ள கிருமிகள் ஓரிரு நாளில் உயிரைப் பறித்துவிடும்.

இன்னொன்று. காட்டுயிரைப் பிடித்துச் செல்லப் பிராணியாக வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சிக்கலை வரவழைக்கும். அந்தச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு அட்டவணைகளும் மாறியிருக்கின்றன. ஆகவே உங்கள் ஊரில் மிருக மீட்பு அமைப்பு இருந்தால் முதலில் அவர்களிடம் ஒப்படைக்கவும், வனத்துறைக்கும் தெரிவிக்கவும். அவர்கள் வரும்வரையிலும், வர இயலாதபோதும் செய்ய வேண்டியதையே கீழே எழுதுகிறேன்.

சூடு, பிறகு நீர், பிறகு பால்

இந்த வரிசையை மாற்றக்கூடாது. குளிர்ந்த உடம்பில் வயிறு வேலை செய்யாது. சில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்குப் பால் கொடுத்தால் அது செரிக்காமல் அங்கேயே தங்கி, குட்டி இறந்துவிடும்.

சூடு: மூடியில் துளைகள் இட்ட காலணி அட்டைப் பெட்டி ஒன்று போதும். பழைய பனியன் துணியை நான்காக மடித்து விரிக்கவும். நூல் பிரியும் துண்டு வேண்டாம், நகம் மாட்டிக்கொள்ளும். பெட்டியின் ஒரு பாதிக்கு மட்டும் சூடு கொடுக்க வேண்டும். அப்போதுதான் அதிகம் சுட்டால் குட்டி மறு பாதிக்கு நகர முடியும். மயிர் முளைக்காத குட்டிக்கு அந்தச் சூடான பக்கம் 34, 35 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். மயிர் முளைத்ததற்கு 30 டிகிரி போதும். துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைக் குளிரக் குளிர மாற்றவும். ஆறிப்போன பாட்டில் குட்டியின் சூட்டை உறிஞ்சிவிடும். முன்பெல்லாம் நாற்பது வாட் குண்டு பல்பு வைப்போம். இப்போது வீட்டில் இருக்கும் எல்.ஈ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிர, இதற்குப் போதுமான சூடு தராது.

குட்டி சூடாகும்போதே உடம்பைச் சோதிக்கவும். காது, வாய், வால் இடுக்குகளில் எறும்பு இருந்தால் மெல்லிய தூரிகையால் எடுக்கவும். மயிரில் வெள்ளையாக மிகச் சிறிய அரிசி போல் ஒட்டியிருந்தால் அவை ஈயின் முட்டைகள். ஒன்று விடாமல் நீக்க வேண்டும். குளிப்பாட்டக் கூடாது. பெட்டியை மேஜை மேல் வைத்து, மேஜைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. நம் பாட்டிமார் பலகார டப்பாவைக் காத்த அதே முறைதான்.

நீர்: முதுகுத் தோலை இரண்டு விரலால் மெல்லத் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம் போல் நின்றால் உடம்பில் நீர் இல்லை என்று பொருள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட்டில் அச்சிட்ட அளவுப்படி கரைத்து, வெதுவெதுப்பாக, முதல் இரண்டு மூன்று வேளைக்கு இதை மட்டும் கொடுக்கவும்.

பால்: இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தவறு நேர்கிறது. பசும்பாலும் எருமைப்பாலும் வேண்டாம். அணிலின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட மிக அதிகம். பால் சர்க்கரை குறைவு. பசும்பால் குடித்த குட்டிக்கு வயிறு உப்பும், பேதியாகும். பத்து கிராம் உடம்பு எத்தனை வேளை பேதியைத் தாங்கும்? குழந்தைகளுக்கான பால் மாவும் அதற்காகச் செய்ததன்று. நாய்க்குட்டிகளுக்கென்று தனியாகப் பால் மாவு கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அணிலுக்கு அதுவே ஓரளவு பொருந்துகிறது. முதல் இரண்டு வேளை ஒரு பங்கு மாவுக்கு நான்கு பங்கு நீர், அடுத்து மூன்று பங்கு, வயிறு ஏற்றுக்கொண்டபின் இரண்டு பங்கு என்று படிப்படியாகக் கெட்டியாக்கவும். கரைத்ததைக் குளிர்பெட்டியில் ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். மாவு வாங்கி வரும் வரை ஓ.ஆர்.எஸ். நீரிலேயே சில மணி நேரம் ஓட்டிவிடலாம். அவசரத்தில் பசும்பாலுக்குப் போக வேண்டாம்.

எவ்வளவு, எப்படி

குட்டியின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, ஒரு வேளைக்கு. இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்தால் போதும். பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

10 கிராம் குட்டிக்கு 0.5 மில்லி
20 கிராம் குட்டிக்கு 1 மில்லி
30 கிராம் குட்டிக்கு 1.5 மில்லி
40 கிராம் குட்டிக்கு 2 மில்லி

எடை பார்க்கச் சமையலறை எலெக்ட்ரானிக் தராசு போதும். தினமும் காலை முதல் வேளைக்கு முன்பு, ஒரே கிண்ணத்தில் வைத்து நிறுத்து எழுதவும். எடை இரண்டு நாள் நின்றுவிட்டாலோ குறைந்தாலோ, குட்டி பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே ஏதோ கோளாறு என்று பொருள். ரயில்வேயில் ரிஜிஸ்டரில் எழுதாத அளவு எடுக்காத அளவு என்பார்கள். இங்கேயும் அப்படியே.

பால் புகட்ட ஊசி நீக்கிய ஒரு மில்லி சிரிஞ்சு வேண்டும். நம் வீடுகளில் பாலாடை இருக்கும், சங்கு இருக்கும். நமக்கெல்லாம் அதில்தான் புகட்டினார்கள் என்று பெரியவர்கள் எடுத்து வருவார்கள். அது மனிதக் குழந்தைக்குச் சரி. அணிலுக்குப் பாலாடையில் ஊற்றினால் பால் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். மை நிரப்பி போன்ற சொட்டுக் குழாயும் வேண்டாம். அழுத்தம் நம் கட்டுப்பாட்டில் இராது.

குட்டியைத் துணியில் சுற்றி, இடது கையில் தலை மேலாக, வயிறு நம் விரல்கள் மேல் படும்படி நிமிர்த்திப் பிடிக்கவும். மல்லாத்திப் புகட்டவே கூடாது. உதட்டில் ஒரு துளி வைத்தால் நக்கும். பிறகு தானே உறிஞ்சும். உறிஞ்சும் வேகத்துக்கு நாம் தள்ள வேண்டுமே தவிர, நாம் தள்ளும் வேகத்துக்கு அது விழுங்க முடியாது. மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்துத் துடைக்கவும். பிறகு மூச்சு விடும்போது "டிக் டிக்" என்று ஒலி கேட்டால் நுரையீரலில் பால் புகுந்திருக்கிறது. தாமதிக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

இளஞ்சிவப்பாக, மயிர் இல்லாமல் இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு முறை, இரவிலும். மயிர் வந்தபின் மூன்று மணிக்கு ஒரு முறை. நள்ளிரவில் ஒரு வேளை. கண் திறந்தபின் நான்கு மணிக்கு ஒரு முறை, இரவில் வேண்டாம்.

புகட்டுவதைவிட முக்கியமான, பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. கண் திறக்காத குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கிவிடும்போதுதான் கழிக்கும். ஆகவே ஒவ்வொரு வேளையும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அந்த இடத்தை மெல்லத் தடவிவிட வேண்டும். ஓரிரு நிமிடத்தில் கழித்துவிடும். இதைச் செய்யாவிட்டால் எவ்வளவு நல்ல பால் கொடுத்தும் பயனில்லை.

வயது அறிவது எப்படி

பிறக்கும்போது பத்து கிராமுக்கும் குறைவு. உடம்பில் மயிர் இராது. முதல் வார இறுதியில் தோலிலேயே கோடுகள் தெரியத் தொடங்கும். இரண்டாம் வாரம் பட்டு போல மயிர். மூன்று வாரத்தை ஒட்டிக் கண் திறக்கும். ஐந்தாம் வாரம் எதையாவது கொறிக்கப் பார்க்கும். எட்டு வாரத்தில் பால் மறக்கும். பத்து முதல் பன்னிரண்டு வாரத்தில் தனியே வாழும் தகுதி வரும். வளர்ந்த அணில் ஏறத்தாழ 100 கிராம். இவை கணக்கு நாள்கள். குட்டிக்குக் குட்டி சில நாள் முன்பின் ஆகும்.

கொறிக்கத் தொடங்கும்போது

இங்கே இரண்டாவது பெரிய தவறு நிகழும். பிஸ்கட், ரொட்டி, சாதம், வேர்க்கடலை, சூரியகாந்தி விதை. அணில் இவற்றை விரும்பித் தின்னும். ஆனால் விதைகளில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. வெறும் கடலையில் வளர்ந்த குட்டிக்கு எலும்பு மெலிந்து, ஒரு நாள் பின்னங்கால்கள் இழுத்துக்கொள்ளும். அப்படியான ஓர் அணிலை ஒரு வீட்டில் பார்த்தேன். அன்புக்குக் குறைவில்லை, நாளைக்கு இருபது கடலை தந்திருக்கிறார்கள். அது மரம் ஏறவே இல்லை.

கொடுக்க வேண்டியவை: முளைகட்டிய பயறு, முருங்கைக் கீரை, வெள்ளரி, கொய்யா, சிறிது வாழைப்பழம். கிளி வளர்ப்போர் வாங்கும் கணவாய் ஓட்டைக் கூண்டில் தொங்கவிட்டால் சுண்ணாம்பு கிடைக்கும், பல்லும் தேயும். அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் வேப்பங்குச்சி, கொய்யாக்குச்சி எப்போதும் இருக்க வேண்டும். காலை வெயில் அரை மணி நேரம் அவசியம்; கூடவே ஒதுங்க நிழலும்.

ஏழாம் வாரத்திலிருந்து காட்டு உணவைப் பழக்க வேண்டும். அந்தந்தப் பருவத்தில் எங்கள் குடியிருப்பில் கிடைப்பவை வேப்பம்பழம், ஆலம்பழம், அரசம்பழம், முசுக்கொட்டைப் பழம், இலவ மலர். கிளையோடு ஒடித்து வந்து கட்டிவிடவும். தட்டில் வைத்தால் தட்டைத் தேடக் கற்றுக்கொள்ளும். கிளையில் இருந்தால் கிளையைத் தேடும்.

ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து

2019 ஜூலை 14 அன்று மழைக் காற்றில் முறிந்த வேப்பங்கிளையிலிருந்து மூன்று குட்டிகள் வந்தன. எடை 14, 13, 9 கிராம். கிளைக்கு அடியில் தாய் இறந்து கிடந்தது. மூன்றாவது குட்டியின் தலையில் அடிபட்டிருந்தது. வைத்தியர் அன்றே நம்பிக்கையில்லை என்றார். 17ஆம் தேதி விடியற்காலை இறந்தது. மற்ற இரண்டும் 24, 25 தேதிகளில் கண் திறந்தன. நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் கூடியது. ஆகஸ்டு 15 அன்று 45, 43 கிராம். செப்டம்பர் 5க்குப் பிறகு பாலைத் தொடவில்லை.

பள்ளி விடுமுறைக்கு வந்த என் பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டுக்கும் பெயர் வைத்தாள். ஆண் குட்டி அவள் சட்டைப் பையிலேயே தூங்கும். செப்டம்பரில் நான் கையில் எடுப்பதை நிறுத்தச் சொன்னபோது அழுதாள். "அதுக்கு என்னைப் பிடிக்குது தாத்தா. வெளியே விட்டா பூனை பிடிச்சுடும். அப்ப யார் பொறுப்பு?" என்றாள்.

நியாயமான கேள்வி. நான் பொய் சொல்லவில்லை. பூனை பிடிக்கலாம், வல்லூறு தூக்கலாம், பிழைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் கூண்டில் வைத்திருந்தால், ஓடவும் ஏறவும் கூடு கட்டவும் பிறந்த உயிர் நம் சந்தோஷத்துக்காக மூன்று அடிக்குள் வட்டமிடும். வயதுக்கு வந்தபின் அது கடிக்கவும் செய்யும். அது அதன் குணம். நாம் பால் கொடுத்தது நம்மிடம் வைத்துக்கொள்வதற்காக அல்ல என்றேன். அவள் சமாதானம் ஆகவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கூண்டுக்கு இலை பறித்து வந்து, கையால் கொடுக்காமல் கம்பியில் செருகிவிட்டுப் போனாள்.

விடுவிக்கும் முறை

கண் திறந்தபின் குட்டியை ஒருவர் மட்டுமே கையாள வேண்டும். விருந்தினர் வந்தால் கைக்குக் கை மாற்றிக் காட்டக்கூடாது. வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் அதன் வாசனைகூடப் பழகக்கூடாது. பழகினால் வெளியே பூனையைக் கண்டு ஓடாது. ஒற்றைக் குட்டி மனிதரையே தன் இனம் என்று நினைத்துவிடும். வேறொரு வீட்டில் அதே வயதுக் குட்டி வளர்ந்தால், இரண்டுக்கும் நோய் இல்லை என்று வைத்தியர் பார்த்தபின் சேர்த்து வளர்ப்பது நல்லது.

எட்டாம் வாரத்தில் வெளிக் கூண்டு வேண்டும். மூன்றடி நீளம், இரண்டடி அகலம், மூன்றடி உயரம். அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை. உள்ளே குறுக்கும் நெடுக்கும் கிளைகள். ஒரு மரப்பெட்டிக் கூடு. அதன் வாசல் ஒன்றரை அங்குல வட்டம். தென்னை நார், சணல், காய்ந்த புல் தரையில் போட்டுவிட்டால் அதுவே எடுத்துப் போய்க் கூடு அமைக்கும். பால்கனியிலோ மரத்தடியிலோ இரண்டு, மூன்று வாரம் இப்படி இருக்கட்டும். மற்ற அணில்களின் குரலும் காக்கையின் குரலும் காதில் விழ வேண்டும்.

கதவைத் திறக்கும் முன் இந்த ஐந்தும் சரியா என்று பார்க்கவும்.

1. ஓடுள்ள கொட்டையைத் தானே உடைக்கிறதா?
2. கூடு அமைத்து அதில் உறங்குகிறதா?
3. பூனையோ பருந்தோ தெரிந்தால் உறைந்து நிற்கிறதா, ஓடி ஒளிகிறதா?
4. நாம் அருகில் போனால் விலகுகிறதா?
5. எடை தொடர்ந்து ஏறி, வால் அடர்ந்து, நான்கு கால்களும் சமமாக ஊன்றுகின்றனவா?

ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் இன்னும் ஒரு வாரம் பொறுக்கவும். பின்னங்கால் விளங்காதது, கண் பார்வை இல்லாதது ஆகியவற்றை விடக்கூடாது. மீட்பு அமைப்பிடம் ஒப்படைக்கவும்.

பருவமும் முக்கியம். ஜூன் மாத அனல் காற்றிலும், ஜனவரி மூடுபனியிலும், அடைமழையிலும் விட வேண்டாம். வானம் தெளிந்த நாளில் காலை ஏழு, எட்டு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டு நாம் விலகிவிட வேண்டும். பிடித்து வெளியே எடுத்து விடக்கூடாது. கூண்டையும் கூட்டையும் உணவையும் மூன்று வாரம் அங்கேயே வைத்திருந்தால், வெளியே துரத்தப்பட்டால் வந்து ஒதுங்கும். அந்த 2019ஆம் ஆண்டுக் குட்டிகளுக்கு அக்டோபர் 6 காலை கதவு திறந்தது. பெண் குட்டி பத்து மணிக்குள் போய்விட்டது. பிறகு அடையாளம் தெரியவில்லை. ஆண் குட்டி பன்னிரண்டு நாள் மாலையில் வந்து உறங்கியது. பதின்மூன்றாம் நாள் பெட்டி காலியாக இருந்தது.

எங்கே விடுவது? கண்டெடுத்த இடத்துக்கு மிக அருகில். சிலர் என்னிடம், "கோடை லீவில் ஊருக்குப் போகிறோம். தோட்டம் இருக்கிறது, கூடையில் வைத்து ரயிலில் கொண்டுபோய் விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். இது ஐந்து வரி அணில். அங்கே இருப்பது மூன்று வரி அணில். ஓர் உயிரினத்தை அதன் இடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றுவது சிறு விஷயமன்று. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு 1898இல் விலங்குக்காட்சிச் சாலை வழியாகப் போன நம் நாட்டு ஐந்து வரி அணில்கள் அங்கேயே பெருகிவிட்டன. இரண்டு நாள் ரயில் பயணத்தைக் குட்டி தாங்காது என்பது வேறு. அது இந்த ஊரில் பிறந்தது. இந்த ஊர் வேம்பும் அரசும்தான் அதன் வீடு.

சில எச்சரிக்கைகள்

தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவவும். சிறிய கொறிக்கும் பிராணிகளிடமிருந்து மனிதருக்கு வெறிநோய் வருவது மிக மிக அரிது. ஆனாலும் கடித்தால் பதினைந்து நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும். பேதி கண்டால் பாலை நிறுத்தி ஓ.ஆர்.எஸ். கொடுத்து வைத்தியரிடம் போகவும். மனிதருக்கான மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டாம்.

ஆகச் சுருக்கமாக: தாய்க்கு முதல் வாய்ப்பு. சூடு, நீர், பால் என்னும் வரிசை. எடையில் நூற்றுக்கு ஐந்து. நிமிர்த்திப் புகட்டல். பஞ்சால் தடவல். கடலை அல்ல, கீரை. எட்டு வாரத்துக்குமேல் கைபடாமை. எடுத்த இடத்திலேயே விடுதலை.

எல்லாவற்றிற்கும் மேலாக, வருகிற மார்ச்சில் கூலரைத் திறக்கும் முன் பக்கத்துப் புல் தட்டிகளைத் தட்டிப் பார்த்து, உள்ளே "கீச்" என்று சத்தம் வருகிறதா என்று ஒரு நிமிடம் காது கொடுங்கள். வந்தால், ஏப்ரல் பாதி வரை விசிறியோடு சமாளித்துக்கொள்ளுங்கள். மேலே எழுதிய எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.